மனிதன் என்று பெயர் பெற்றவர்

அமெரிக்காவின் டெக்ஸாஸ், அரிஜோனா மாகாணங்களின் வறண்ட மேய்ச்சல் வெளிகளில், இன்றும் வில்லும் அம்புமாகக் காட்டுப் பன்றி வேட்டைக்குப் போகிறவர்கள் உண்டு. ஹாவலீனா என்ற பன்றி போன்ற பிராணிக்குக் கண் மங்கல், மூக்கோ கூர்மை. காற்றுக்கு எதிர்முகமாகப் பதுங்கி நெருங்க வேண்டும். இந்தக் கலை அங்கே மீண்டும் தழைக்கக் காரணமானவர்களில் ஒருவர், வெள்ளையரிடம் தம் இனத்தையே இழந்த ஒரு செவ்விந்தியர்!

1911 ஆகஸ்ட் 29-ந் தேதி, கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊரின் கசாப்புக் கொட்டடி அருகே, பசியால் மெலிந்த நிலையில் அவர் பிடிபட்டார். யாஹி இனத்தில் எஞ்சியவர் அவர் ஒருவரே. குடியேறிகளின் துப்பாக்கியும், பசியும் நோயும் மற்றவர்களை அழித்துவிட்டன. தம் பெயரை அவர் கடைசி வரை சொல்லவில்லை. அறிஞர்கள் 'இஷி' என்று அழைத்தார்கள். யாஹி மொழியில் அதற்கு 'மனிதன்' என்று அர்த்தம்.

சான் பிரான்ஸிஸ்கோவில் சர்வகலாசாலைப் பொருட்காட்சிசாலையே அவர் வீடாயிற்று. சர்வகலாசாலை ஆஸ்பத்திரியின் ரண சிகிச்சை நிபுணர் டாக்டர் சாக்ஸ்டன் போப், முதலில் அவருக்கு வைத்தியர், பிறகு சிஷ்யர். ஜூனிபர் மரத்தில் வில் செய்யவும், மிருக நரம்பை நாணாகத் திரிக்கவும் இஷி கற்றுத் தந்தார். வேட்டைக்கு முன் அவர் குளிப்பார்; புகை பிடிக்க மாட்டார். உடல் வாடை காட்டிக் கொடுத்துவிடுமல்லவா! புதரில் மறைந்து, கையில் உதடு பதித்து முயல் போலக் கத்தி, மிருகத்தை அருகே வரவழைப்பார்.

1916 மார்ச் 25-ல் காச நோய் அவரைக் கொண்டு போயிற்று. நண்பர்கள் வில்லையும் ஐந்து அம்புகளையும் உடன் வைத்து வழியனுப்பினார்கள்.

போப் 1923-ல் வில் வேட்டையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். படித்தவர்கள் பலர் வில்லைக் கையில் எடுத்தார்கள். 1926-ல் போப்பும் மறைந்தார்.

யாஹி மொழியைத் தாய்மொழியாகப் பேச இன்று ஒருவரும் இல்லை. இஷியின் வேட்டைப் பாடம் மட்டும், அவர் இனத்தை அழித்தவர்களின் சந்ததியிடம் வாழ்கிறது.