எம்பெருமானார் திறந்த வாசல்

1017-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த ஸ்ரீராமாநுஜர், அந்தணர் குலத்தில் பிறவாத திருக்கச்சி நம்பிகளை ஆசானாகப் போற்றினார். திருக்கோட்டியூரில் மறைபொருளாகக் காக்கப்பெற்ற மந்திரார்த்தத்தை, தமக்கு நரகமே நேரினும் நேர்க என்று துணிந்து, விரும்பிய யாவர்க்கும் உரைத்தருளினார் என்று குருபரம்பரை கூறும். கன்னட நாட்டுத் திருநாராயணபுரத்தில், தீண்டாதார் என்று தள்ளப்பட்டோரைத் திருக்குலத்தார் என்றழைத்து, ஆலயப் பிரவேசமும் தந்தார். 1137-இல் திருவரங்கத்தினின்று திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

பிற்காலத்திலோ அவ்வுரிமை ஆண்டில் சில நாட்களுக்கே உரியதாய் நின்றது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவே தீண்டாமையை ஒழித்தது. ஆசாரியன் காட்டிய நெறியைச் சட்டம் நினைவூட்ட நேர்ந்தது நம் குறையன்றோ? அன்பர்களே, தீர்த்தமும் சடாரியும் அருகில் நிற்பவர்க்கும் ஒருபடியாகவே கிட்டுகின்றனவா என்று நோக்குவதும் உடையவருக்குச் செய்யும் கைங்கரியமே.