சீத்தாப்பழத்தில் தொடங்கியவர்!

குட்டீஸ்... மதுரை மல்லியைத் தெரியாதவர் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். ஆனால், அந்தச் செடியை எப்படி உண்டாக்குகின்றனர் தெரியுமா? விதை போட்டு அல்ல. நன்றாகப் பூக்கும் செடியில் ஒரு குச்சியை வெட்டி, ஈர மண்ணில் நட்டு, வேர் விட்ட பின் தோட்டத்துக்குக் கொண்டு போவர். ராமேஸ்வரம் போகும் வழியில் இருக்கிற தங்கச்சிமடத்தில் இப்படி வளர்த்த கன்றுகள், மதுரையைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு ஏராளமாக வருகின்றன.

தாய்ச் செடியை விட்டுப் பிரிந்த பிறகும் குச்சி உயிரோடு இருக்கிறது, வளரவும் செய்கிறது. மனித உடம்பிலிருந்து பிரித்த ஒரு துணுக்கு அப்படி வளருமா? வளரும்! மண்ணுக்குப் பதில் கண்ணாடிக் குப்பி. தண்ணீருக்குப் பதில் சத்து நிறைந்த திரவம். இதைத் 'திசு வளர்ப்பு' என்பர். இந்தியாவில் இதற்கென்று முதல் ஆய்வுக்கூடத்தை அமைத்தவர் ஒரு பெண். பெயர் கமல் ரணதிவே.

மகாராஷ்டிர மாநிலம், புனே நகரில், 1917 நவம்பர் 8ம் தேதி பிறந்தார் கமல். அப்பா, புனே பெர்குசன் கல்லூரியில் உயிரியல் பேராசிரியர். தன் பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்பதில் கண்டிப்பானவர். கமல் டாக்டருக்குப் படிக்க வேண்டும். ஒரு டாக்டரையே திருமணம் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. மகளோ தாவரவியலும், விலங்கியலும் படிக்கப் போனார். திருமணமும் டாக்டரோடு நடக்கவில்லை. 1939ல், கணித வல்லுனரான ரணதிவேயை மணந்து, மும்பைக்குக் குடிபோனார். அப்பாவுக்கு வருத்தம் இருந்திருக்கலாம். ஆனால், பின்னாளில் மருத்துவ உலகத்துக்கே பயன்படப் போகிறவர் தன் மகள் என்று, அப்போது அவருக்கு எப்படித் தெரியும்?

முதுகலைப் பட்டத்துக்காக கமல் ஆராய்ந்தது எதை என்று நினைக்கிறீர்கள்? சீத்தாப்பழக் குடும்பத்தை! மதுரைப் பக்கம் கரடுகளில் தானாகவே முளைத்துக் கிடக்குமே, அதே சீத்தாதான். அந்தக் குடும்பத்துச் செடிகளின் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை நுண்நோக்கியில் பார்த்து, எண்ணி, ஒப்பிட்டு, 1943ல் பட்டம் வாங்கினார். வீடு, குழந்தை, படிப்பு என்று எல்லாம் ஒன்றாக ஓடிய காலம் அது. கணவர் துணையாக நின்றார்.

அடுத்து, மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே கனோல்கர் என்ற பெரிய மருத்துவ அறிஞர் இருந்தார். நோய் வந்த திசுக்களை ஆராய்வதில் நாட்டின் முன்னோடி அவர். அவருடைய வழிகாட்டுதலில், 1949ல் கமல் டாக்டர் பட்டம் பெற்றார். ஊசி போடும் டாக்டர் அல்ல, ஆராய்ச்சி டாக்டர்! பிறகு கனோல்கரின் ஊக்கத்தால், அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்குப் போனார். அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலையில், ஜார்ஜ் கை என்பவரின் ஆய்வுக்கூடத்தில், திசு வளர்ப்பைக் கற்றார்.

இந்த ஆய்வுக்கூடத்தைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஜார்ஜ் கை பல ஆண்டுகளாக மனிதச் செல்களைக் குப்பியில் வளர்க்கப் போராடியவர். எதை வைத்தாலும் சில நாட்களில், சில வாரங்களில் செத்துவிடும். 1951ல், ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற ஏழைக் கறுப்பினப் பெண் கருப்பை வாய்ப் புற்றுநோயோடு அந்த மருத்துவமனைக்கு வந்தார். அவருடைய கட்டியிலிருந்து எடுத்த துணுக்கு மட்டும் சாகவில்லை. ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டித்துக்கொண்டே போனது! அவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து, 'ஹீலா' என்று அதற்குப் பெயரிட்டனர். போலியோ தடுப்பு மருந்தைச் சோதித்துப் பார்க்க உதவியது அந்தச் செல்தான். இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்கிறது.

ஆனால், ஹென்ரியட்டா அதே ஆண்டு, 31 வயதில் இறந்துபோனார். ஆராய்ச்சிக்காக அந்தத் துணுக்கை எடுக்கலாமா என்று அவரிடம் யாருமே கேட்கவில்லை. அவருடைய செல்கள் உயிரோடு இருக்கும் விஷயம் அவர் பிள்ளைகளுக்குத் தெரியவே, 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. எத்தனை பெரிய நன்மை விளைந்தாலும், இது நியாயமா? உங்கள் வீட்டுத் தோட்டத்தில் யாராவது கேட்காமல் ஒரு குச்சி ஒடித்தாலே நமக்குக் கோபம் வருகிறதே!

படிப்பு முடிந்து கமல் மும்பை திரும்பினார். பால்டிமோரில் எல்லாக் கருவியும், மருந்தும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. இங்கே அப்படி இல்லை. செல்லுக்கு ஊட்ட வேண்டிய சத்துத் திரவத்தைக்கூட கமலும், உடன் வேலை பார்த்த இளம் ஆராய்ச்சியாளர்களும் தாங்களே தயாரித்தனர். உப்புகள், சர்க்கரை, புரதத்தை உண்டாக்கும் அமினோ அமிலங்கள், ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி... இவையெல்லாம் சரியான அளவில் கலக்க வேண்டும். சூடு நம் உடம்பைப் போலவே, 37 டிகிரி செல்சியஸ். இதில் பெரிய எதிரி யார் தெரியுமா? கிருமியும், பூஞ்சையும்தான். செல்லுக்கு வைத்த விருந்தை அவை வெகு வேகமாகத் தின்று பெருகிவிடும். துளி பூஞ்சை புகுந்தால், பல வார உழைப்பு குப்பைக்குப் போகும்.

ஒழுங்காக வளர்ந்தால், செல்கள் குப்பியின் அடியில் ஒட்டிப் பரவும். இடம் நிறைந்ததும் பிரித்து எடுத்து, வேறு குப்பிகளில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். வாடிப்பட்டி, மேலூர் பக்கம் நாற்றங்காலில் நெருக்கமாக வளர்ந்த நாற்றைப் பறித்து, வயலில் பரவலாக நடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். சாதாரணச் செல்கள் ஏறத்தாழ 50 முறை பிரிந்ததும் நின்றுவிடும். பல புற்றுச் செல்களுக்கு இந்தக் கணக்கே கிடையாது. அதுதான் அவற்றின் கொடுமை. ஆராய்ச்சிக்கு அதுவே வசதி!

இப்படி 1960களில் மும்பை இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் திசு வளர்ப்புக் கூடம் உருவானது. 1966 முதல் 1970 வரை அந்த மையத்தின் பொறுப்பு இயக்குனராகவும் இருந்தார் கமல். மார்பகப் புற்றுநோய்க்கும் பரம்பரைக்கும் தொடர்பு இருப்பதை முதலில் எடுத்துச் சொன்னவர்களில் அவர் ஒருவர். பின்னாளில் மற்ற விஞ்ஞானிகளும் அதை உறுதி செய்தனர். தொழுநோய்க் கிருமி பற்றியும் ஆராய்ந்தார். 1982ல், பத்மபூஷண் விருது கிடைத்தது.

சரி, குப்பியில் கட்டியை வளர்த்து என்ன பயன்? அரிய புற்றுநோய்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'ரெட்டினோபிளாஸ்டோமா' என்று குழந்தைகளின் விழித்திரையில் ஒரு கட்டி வரும். 15 ஆயிரம் முதல் 20 ஆயிரம் குழந்தைகளில் ஒருவருக்குத்தான் வரும். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். போட்டோ எடுக்கும்போது கண்ணின் நடுவில் வெள்ளையாகப் பளிச்சிடுவது இதன் அறிகுறி. (உங்கள் வீட்டுப் பாப்பாவின் படத்தில் அப்படித் தெரிந்தால், உடனே பெரியவர்களிடம் சொல்லி, கண் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரையும், பல நேரம் பார்வையையும் காப்பாற்றலாம்.) இத்தனை அரிதான நோயில், புதுப்புது மருந்தை யாரிடம் சோதிப்பது? 1971ல், அமெரிக்காவில், இரண்டரை வயதுச் சிறுமியின் அகற்றப்பட்ட கண்ணிலிருந்து எடுத்த செல்களைக் குப்பியில் வளர்த்தனர். 'ஒய்79' என்று அதற்குப் பெயர். அது பல நாட்டு ஆய்வுக்கூடங்களுக்குப் போயிருக்கிறது. மருந்தை முதலில் குப்பியில் இருக்கும் செல்லுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். செல் செத்தால் அடுத்த கட்டம், சாகாவிட்டால் வேறு மருந்து. எந்தக் குழந்தைக்கும் வலிக்காது.

மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் இந்த நோயோடு எத்தனையோ குழந்தைகள் வந்து சிகிச்சை பெறுகின்றனர். இந்த நோய்க்குக் காரணமான மரபணு பற்றி அங்கே ஆராய்ச்சியும் நடக்கிறது. ஆராய்ச்சிக்குத் துணுக்கு எடுப்பதென்றால், பெற்றோரிடம் விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்பது இப்போது விதி. ஹென்ரியட்டாவுக்குக் கிடைக்காத மரியாதை அது.

கமல் 1973ல், சக பெண் விஞ்ஞானிகளோடு சேர்ந்து, இந்திய மகளிர் விஞ்ஞானிகள் சங்கத்தைத் தொடங்கினார். வேலைக்குப் போகும் தாய்மார்களின் சிரமம் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லையே! ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் உட்காரவில்லை. அப்போதைய அகமத்நகர் மாவட்டத்தின் அகோலே வட்டாரத்து மலைவாழ் கிராமங்களில், குழந்தைகளுக்குச் சத்துணவு போதுமான அளவு கிடைக்கிறதா என்று ஆராய்ந்தார். கிராமத்துப் பெண்களுக்கு உடல்நலம் பற்றிப் பயிற்சி கொடுத்தார்.

கமல் ரணதிவே, 2001ல் காலமானார். அவருடைய 104வது பிறந்த நாளன்று, 2021 நவம்பர் 8ல், கூகுள் தன் முகப்பில் அவருடைய படத்தை வைத்தது.