உறுதியின் சிற்பி காலின் சாப்மன்

முதுகெலும்பு வளைந்தால் மனிதன் நிமிர முடியாது. சட்டம் முறுக்கினால் கார் திரும்ப முடியாது. இவ்வுண்மையைப் பந்தயக் களத்தில் மெய்ப்பித்தவர் காலின் சாப்மன்.

1928-இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், லண்டனில் கட்டமைப்புப் பொறியியல் பயின்று, 1952-இல் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நாளில் பந்தயக் கார்களின் சட்டங்கள் குழாய்களைப் பற்றவைத்தே செய்யப்பட்டன. விறைப்புக்காகக் குழாய்களைக் கூட்டினால் எடை ஏறும், வேகம் குறையும். 1962-இல் சாப்மன் குழாய்களையே நீக்கி, அலுமினியத் தகடுகளால் பெட்டி போன்ற உடலமைத்தார். அந்த லோட்டஸ் 25, முந்தைய சட்டத்தின் பாதி எடையில் மும்மடங்கு விறைப்புப் பெற்றது. 1963-இல் ஜிம் கிளார்க் அதில் உலக வாகை சூடினார்.

ஆயினும், லோட்டஸ் கார்களில் 1968-இல் கிளார்க்கும், 1970-இல் யோஹன் ரிண்ட்டும் உயிரிழந்தனர். அவருடைய கார்கள் அளவுக்கு மீறி இலேசானவை என்று பலர் சாடினர். 1982-இல் சாப்மன் மறைந்தார்.

எடைக்கும் வேகத்துக்கும் கணக்கிடும்போது மனித உயிரையும் அக்கணக்கில் சேர்த்தல் அறிவியல் பயிலும் நம் கடனன்றோ!