பாடலைத் துறந்த இசைக் கலைஞர்

தமிழ்ப் படத்தில் பணம் போடுவோர்க்குப் பாடல்களே காப்பீடாக இருந்த காலம். ஏவி.எம். நிறுவனத்தின் ‘அந்த நாள்’ 1954 ஏப்ரல் 13 அன்று பாடலோ, நடனமோ, சண்டைக் காட்சியோ இன்றி வெளிவந்தது. அதை இயக்கியவர் இசை அறியாதவர் அல்லர். வீணையால் உலகப் புகழ் பெற்ற எஸ். பாலசந்தர்.

1927-இல் மயிலாப்பூரில் பிறந்த அவர், ‘சீதா கல்யாணம்’ படத்தில் சிறுவனாகத் திரையில் தோன்றினார். குருவிடம் முறையாகப் பயிலாமலேயே வீணையில் தேர்ச்சி பெற்றார். அகிரா குரோசவாவின் ‘ராஷோமான்’ அவரை வெகுவாகப் பாதித்தது. அதன் விளைவே ‘அந்த நாள்’.

இரண்டாம் உலகப் போர்க்காலச் சென்னை. சிவாஜி கணேசன் ஏற்ற வானொலிப் பொறியாளர் பாத்திரம் தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறது. ஒவ்வொருவர் வாக்குமூலமும் ஐயத்தை இன்னொருவர் மீது திருப்புகிறது. மாருதி ராவின் ஒளிப்பதிவில் வெளிச்சத்தைவிட நிழலே அதிகம் பேசுகிறது. இடையில் ஒரு பாடல் வந்திருந்தால் பார்வையாளரின் பதற்றம் தணிந்திருக்கும். அந்த இளைப்பாறுதலை பாலசந்தர் அளிக்கவில்லை. பாராட்டுகள் குவிந்தன, வசூல் கைகொடுக்கவில்லை.

எனினும் அவர் அத்துறையை விட்டு விலகவில்லை. 1964-இல் தாமே தயாரித்து, இயக்கி, இசையமைத்த ‘பொம்மை’யில் உத்தியைத் தலைகீழாக்கினார். ‘அந்த நாள்’ கொலையாளி யார் என்பதை மறைத்தது; ‘பொம்மை’யோ பொம்மைக்குள் வெடிகுண்டு இருப்பதை நமக்கு முன்பே சொல்லிவிடுகிறது. அறியாதவர்களின் கைகளில் அது மாறி மாறிச் செல்லும்போது, சாதாரணத் தெருக்காட்சிகூட நெஞ்சைப் பதற வைக்கிறது. அச்சத்தை விளைவிப்பது வெடிச் சத்தமன்று. நமக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாதிருப்பதே. இப்படத்தில் அவர் பாடல்களை விலக்கவில்லை என்பதும் நினைவுகூரத்தக்கது. கதை கேட்டபோது இசையைத் தந்தார்; கேட்காதபோது நிறுத்திக் கொண்டார்.

1970-இல் வெளியான ‘நடு இரவில்’ படத்துக்குப் பின் திரையுலகைத் துறந்து வீணைக்கே தம்மை ஒப்படைத்தார். 1982-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1990 ஏப்ரல் 13 அன்று பிலாயில் காலமானார். ‘அந்த நாள்’ வெளியாகி அன்றோடு 36 ஆண்டுகள்.

இன்றைய திகில் படங்கள் பலவற்றில் பின்னணி இசை ஒரு நொடியும் ஓய்வதில்லை. எப்போது அஞ்ச வேண்டும் என்பதை அதுவே நமக்கு ஆணையிடுகிறது. இசையிலேயே வாழ்ந்த ஒருவர் மௌனத்தை நம்பினார். இன்று மேலான ஒலிக்கருவிகள் நம்மிடம் உள்ளன. அந்த நம்பிக்கைதான் குறைந்துவிட்டது.