காதுக்கு ஒரு கலாசாலை கண்ட டாக்டர் ஆடம் பொலிட்சர்

நம் அகங்களில் பெரியவர் ஒருவர் கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் சொன்னால் குழந்தைகள் சிரித்து விடுகின்றன. கண் மங்கினால் உடனே டாக்டரிடம் ஓடுகிற நாம், காது மந்தமானால் மட்டும் வயசாயிடுத்து என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் மருத்துவ உலகமே இப்படித்தான் இருந்தது. அந்த அலட்சியத்தை மாற்றப் பாடுபட்ட மகான்களில் முக்கியமானவர் வியன்னாவின் டாக்டர் ஆடம் பொலிட்சர்.

இவர் 1835-ம் ஆண்டு ஹங்கேரியில் ஆல்பர்ட்டி என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வியன்னா பல்கலைக் கழகத்தில் படித்து 1859-ல் டாக்டரானார். காது வைத்தியம் என்று தனியாக ஒரு துறை அன்று அங்கே இல்லை. காதில் சீழ் வடிந்தால் தானே சரியாகிவிடும் என்று விட்டுவிடுவார்கள். அந்தச் சீழ் மூளைக்குப் பரவி உயிரையே பறித்த குழந்தைகள் எத்தனையோ. இந்தத் துறையை எடுத்துக்கொள் என்று அவரைத் தூண்டியவர் அவருடைய ஆசிரியர் ஓப்போல்சர்.

குருமார்களைத் தேடிப் புறப்பட்டார் பொலிட்சர். ஹைடல்பர்க்கில் ஹெல்ம்ஹோல்ட்ஸ், பாரிஸில் கிளாட் பெர்னார்ட், லண்டனில் காது நிபுணர் டாயின்பீ என்று மேதைகளிடம் பயின்று திரும்பி, 1861-ல் வியன்னாவில் காது நோய்களைப் பற்றி விரிவுரை செய்யும் உரிமை பெற்றார். உரிமைதான் கிடைத்ததே தவிர, காது நோயாளிகளுக்கென்று தனி வார்டு கிடையாது. ஆனாலும் அவர் சலிக்காமல் பாடம் நடத்தினார்.

1863-ல் அவர் கண்ட ஒரு சுலபமான முறை உலகெங்கும் பேசப்பட்டது. மூக்கையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் அடைத்துக்கொண்டால் காது கேட்காது. அதைத் திறக்க மூக்கு வழியாக உலோகக் குழாயை நுழைப்பது அந்நாளைய வழக்கம். நோயாளிக்குப் பெரும் வேதனை. பொலிட்சரோ, நோயாளியை ஒரு வாய் தண்ணீர் விழுங்கச் சொல்லி, அதே நேரம் ஒரு ரப்பர் பையை அமுக்கி மூக்கினுள் காற்றைச் செலுத்தினார். விழுங்கும்போது குழாய் திறப்பதால் காற்று நடுக்காதுக்குப் போய்விடும். குழந்தைகளுக்கும் செய்யக்கூடிய வைத்தியம் இது. இன்றும் அந்த முறைக்கு அவர் பெயரே வழங்குகிறது.

பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த பிறகு, 1873-ல் வியன்னா பொது மருத்துவமனையில் காது நோய்களுக்கான பல்கலைக் கழகப் பிரிவு திறக்கப்பட்டது. உலகிலேயே இந்த வகையில் இதுதான் முதல் என்பர். யோசப் குரூபர் என்பவரும் பொலிட்சரும் சேர்ந்து அதை நடத்தினார்கள். தொண்டை நோய்களுக்கான பிரிவு அதே ஊரில் 1870-லேயே ஏற்பட்டிருந்தது. பிற்காலத்தில் காது, மூக்கு, தொண்டை மூன்றும் ஒரே துறையாக வளர்ந்ததற்கு இவை ஆரம்பப் படிகள்.

பல நாடுகளிலிருந்து டாக்டர்கள் இவரிடம் பாடம் கேட்க வந்தார்கள். பல மொழிகள் அறிந்தவர். படம் வரைவதில் சமர்த்தர். இறந்தவர்களின் காதெலும்புகளைப் பக்குவமாக அறுத்துப் பதப்படுத்தி, மாணவர்கள் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளச் செய்தார். அவ்வாறு ஆராய்ந்தபோதுதான், நடுக்காதின் அங்கவடி எலும்பு இறுகிப்போய்ச் செவிடாக்கும் நோயை 1893-ல் தெளிவாக விளக்கினார். அதுவரை அது சளியால் வரும் கோளாறு என்றே எண்ணியிருந்தார்கள். அந்த எலும்பை அகற்றி மாற்றுப் பொருத்தும் நவீன அறுவை சிகிச்சை 1956-ல் வந்து, பலருக்குக் கேட்கும் சக்தியைத் திருப்பித் தந்தது.

குரூபர் 1898-ல் ஓய்வு பெற, பொலிட்சர் தனித் தலைவரானார். 1907-ல் தாமும் ஓய்வு பெற்றார். சும்மா இருக்கவில்லை, காது மருத்துவத்தின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதி முடித்தார். அவருடைய பிரிவில் பணியாற்றிய ராபர்ட் பாரானி, உடலின் சமநிலையைக் காக்கும் உட்காதின் செயலை ஆராய்ந்து 1914-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றார். சிஷ்யனின் பெருமையைக் கண்டபின், 1920-ல் தமது 84-வது வயதில் பொலிட்சர் காலமானார்.

வார்டு இல்லை, படுக்கை இல்லை என்று அவர் ஒதுங்கியிருந்தால் அந்தத் துறை பிறக்க இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ! நம் அகத்துப் பெரியவர்களை ஒருமுறை காது டாக்டரிடம் அழைத்துச் சென்று பரிசோதிப்பதே அந்த மகானுக்கு நாம் செய்யும் மரியாதை.