ஓக்கே பேர்சன்

ஓக்கே பேர்சன் (பெப்ரவரி 25, 1932 - பெப்ரவரி 5, 1975) சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஜாஸ் இசைக்கலைஞர் ஆவார். டிராம்போன் என்னும் பித்தளை ஊதுகருவியை வாசிப்பதில் புகழ் பெற்றவர். அமெரிக்காவில் தோன்றிய ஜாஸ் இசையில், அமெரிக்கக் கலைஞர்களுக்கு இணையாக அவர்களது குழுக்களிலேயே இடம்பெற்ற ஐரோப்பியர்களுள் இவரும் ஒருவர்.

இளமை

பேர்சன் தென் சுவீடனிலுள்ள ஹெஸ்லெஹோல்ம் நகரில் பிறந்தார். 1951 முதல் 1954 வரை சீமோன் பிரேமின் ஐவர் குழுவில் வாசித்தார். அக்காலத்தில் பரவி வந்த பீபாப் என்னும் ஜாஸ் வகை மிக விரைவான சுரக்கோவைகளைக் கொண்டது. பொதுவாக டிராம்போனில் வால்வுகள் இல்லை; நீண்ட குழாயை முன்னும் பின்னும் நகர்த்தியே சுரங்களை மாற்ற வேண்டும். ஆதலால் அந்த வேகத்தை இக்கருவியில் எட்டுவது கடினம். பேர்சன் இளம் வயதிலேயே அதில் தேர்ச்சி பெற்றார்.

1953ஆம் ஆண்டுப் பதிவு

1953 செப்டம்பரில் லயனல் ஹாம்ப்டனின் அமெரிக்கக் குழு சுவீடனுக்கு வந்தது. குழுவினர் வெளியே இசைப்பதிவு செய்வதை ஹாம்ப்டன் தடை செய்திருந்தார். எனினும் அக்குழுவின் டிரம்பெட் கலைஞர்களான கிளிபர்ட் பிரவுன், ஆர்ட் பார்மர் ஆகியோர் சுவீடியக் கலைஞர்களுடன் ஸ்டாக்ஹோமில் இசைப்பதிவு செய்தனர். குயின்சி ஜோன்ஸ் இசையமைப்பைக் கவனித்தார். அப்போது 21 வயதினரான பேர்சனும் அதில் பங்கேற்றார்.

பெருங்குழுக்களில்

1956இல் தொடங்கப்பட்ட ஹாரி ஆர்னல்டின் சுவீடிய வானொலிக் குழுவில் பேர்சன் முக்கிய உறுப்பினராக விளங்கினார். 1959-60இல் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்த குயின்சி ஜோன்சின் குழுவில், மெல்பா லிஸ்டன், ஜிம்மி கிளீவ்லண்ட், குவென்டின் ஜாக்சன் ஆகிய அமெரிக்கர்களுடன் டிராம்போன் பிரிவில் அமர்ந்தார். கவுண்ட் பேசியின் 1962ஆம் ஆண்டு சுவீடன் இசைப்பதிவிலும் இவரது வாசிப்பு இடம்பெற்றது.

1961இல் மேற்கு பெர்லினிலிருந்த ரியாஸ் வானொலியின் நடன இசைக்குழுவில் சேர்ந்தார். ஜாஸ் நிகழ்ச்சிகளின் வருவாய் நிலையற்றது. ஐரோப்பிய வானொலிக் குழுக்களோ நிரந்தர ஊதியம் அளித்தன. பெர்லினில் பணியாற்றியபடியே, கென்னி கிளார்க், பிரான்சி போலண்ட் இருவரும் இணைந்து நடத்திய பெருங்குழுவிலும் வாசித்தார். அமெரிக்கரும் ஐரோப்பியரும் சரிசமமாகக் கலந்திருந்த அக்குழு 1972இல் கலைந்தது.

மறைவு

1975 பெப்ரவரி 5 அன்று, ஸ்டாக்ஹோமின் யூர்கோர்டன் பகுதியிலுள்ள கால்வாயில் இவரது மகிழுந்து வீழ்ந்ததில் பேர்சன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 42. தம் பெயரில் வெளியிட்டவற்றைக் காட்டிலும் பிறர் குழுக்களில் இவர் வாசித்த பதிவுகளே மிகுதி. அதனால் இசைத்தட்டு உறைகளில் இவர் பெயர் பெரிதாக இடம்பெறுவது அரிது. ஐரோப்பிய ஜாஸ் வரலாற்றிலோ இவருக்குத் தனி இடம் உண்டு.