ஊதியத்தோடு பத்து நாள்

1919இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தனது முதல் உடன்படிக்கையில் வாரத்திற்கு 48 மணி நேர வேலையை வரையறுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கோ 60 மணி நேரம் எனத் தனி விதி எழுதியது.

அண்ணல் அம்பேத்கர் பம்பாயின் பரேலில், ஆலைத் தொழிலாளர்களின் சால் குடியிருப்பில் வளர்ந்தவர். நூலை வாயால் ஈரப்படுத்த வேண்டுமென்பதைக் காரணங்காட்டி, ஊதியம் கூடிய நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோரைச் சாதி இந்துத் தொழிலாளரே தடுத்த ஆலைகள் அவை. 1928 வேலைநிறுத்தத்தின்போது இத்தடையைத் தொழிற்சங்கத் தலைவர்களிடமே எழுப்பினார். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1938 நவம்பர் 7 அன்று, தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளுடன் இணைந்து பம்பாயில் வேலைநிறுத்தம் நடத்தினார்.

1942 ஜூலையில் வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினரானார். பிரான்ஸ் 1936இலேயே இரண்டு வார ஊதிய விடுப்பை வழங்கியிருந்தது. இங்கே 1945ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் திருத்தச் சட்டம்தான், ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய வயதுவந்தோருக்குப் பத்து நாளும் சிறார்க்குப் பதினான்கு நாளும் அளித்தது. 1946இல் வார வேலை நேரம் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் 54இலிருந்து 48 ஆனது; பருவகால ஆலைகளில் 60இலிருந்து குறைந்தது.

அரசமைப்புச் சட்டத்தோடு அண்ணலை நிறுத்திக்கொள்ளும் நாம் இச்சட்டங்களை அரிதாகவே பேசுகிறோம். ஓராண்டு நிறையுமுன் ஒப்பந்தத்தை முறித்து மறுபடி எழுதும் ஒப்பந்ததாரர்கள், நாம் வாதாடும் வழக்குகளில், அவற்றை நன்கறிந்தே வருகிறார்கள்.